சந்தியாகப்பர் இறங்கிப்போன குதிரை

ஜூன் 17, செவ்வாய்

ரெக்ஸ் வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனியில் வருஷத் தொடக்கத்தில் கொடுத்த டைரி இது. ஆறு மாதம் அரிசிப் பானைக்கு மூடியாகப் பணியாற்றிவிட்டு இன்றுதான் என் கைக்கு வந்திருக்கிறது. உலகமே இதற்காகக் காத்திருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பேனாவை எடுத்தபோது கடல் கொஞ்சம் அடங்கியது. அதை மறைக்கவும் முடியாது.

எழுதுகிறவன் தஸ்நேவிஸ் கர்டோசா. ஊருக்கு நேவிஸ் மாமா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஒரு தடவை கிரீஸ் தேசத்துக் கப்பல் ஒன்றைச் சரக்கோடு சேர்த்துத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டிவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிக்காமல் திரும்ப வைத்தேன். கேப்டன் அழுதுவிட்டான்.

பேனா எடுத்த காரணம்: எங்கள் சங்குமணல் ஊரின் புனித சந்தியாகப்பர் உயர்நிலைப் பள்ளிக்கு ஆபத்து. அதன் வரலாறு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூறு வருஷத்துக்கு முன்னால் கிளெமான் சாமியார் என்ற பிரெஞ்சுக்காரர் கடற்கரையில் நாலு துடுப்பை நட்டு, மேலே ஒரு கிழிந்த பாய்மரப் பாயைக் கட்டி, கீழே பையன்களை உட்காரவைத்து ‘அ’ எழுதினார். பாய் அல்லவா, வாடைக் காற்று அடிக்கும்போதெல்லாம் பள்ளிக்கூடம் மெல்லத் தெற்கே நகரும். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பையன் இரண்டாம் வகுப்பு முடிக்கும்போது பக்கத்து ஊரில் இருப்பான். அந்தத் தொல்லை பொறுக்காமல்தான் பிறகு கல்லில் கட்டினார்கள். அந்தக் கட்டடத்திலிருந்து வெளியே போனவர்கள் பிஷப்பாகிவிட்ட ஒரு மேற்றிராணியார், எண்ணில் அடங்காத கப்பல் கேப்டன்கள், ஒரே ஒரு கள்ளன். அந்தக் கள்ளனும் வாக்குமூலத்தை ஒரு சந்திப்பிழை இல்லாமல் எழுதிக்கொடுத்து இன்ஸ்பெக்டரிடம் பாராட்டு வாங்கினான்.

இப்போது ஆபத்து. மஞ்சள் வேன் வைத்திருக்கும் இங்கிலீஷ் பள்ளி ஒன்று வாசல் வாசலாக வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து தலை எண்ணுவார். ஆறாம் வகுப்பில் இரண்டு பிரிவு வைக்கிற அளவுக்குப் பிள்ளை இல்லையென்றால் ஒரு பிரிவு போய்விடும், ஒரு ஆசிரியர் உபரி ஆகிவிடுவார். உபரி என்றால் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர். கடைசியாகச் சேர்ந்தவள் அறிவியல் டீச்சர் பிரிசில்லா. பிரிசில்லா என் அக்கா மகள். பத்து வயதில் தாயில்லாமல் என் வீட்டுக்கு வந்தவள். இதே பள்ளிக்கு என் சைக்கிள் பாரில் உட்கார்ந்து போய்ப் படித்தவள். ரெக்ஸ் அவள் புருஷன். இருவரும் இருப்பது என் வீட்டில். அல்லது நான் இருப்பது அவர்கள் வீட்டில். இந்த எல்லைத் தகராறு இன்னும் தீரவில்லை.

உபரி ஆனால் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றுக்கு மாற்றிவிடுவார்களாம். பஸ்ஸில் ஐந்து மணி நேரம். ரெக்ஸும் கூடவே போவான்.

எனக்கு ஒன்றும் இல்லை. குளியலறை எந்நேரமும் காலியாகக் கிடக்கும். மீன் தலை முழுசும் எனக்கே. என் கவலையெல்லாம் பள்ளியின் புகழைப் பற்றித்தான்.

ஜூன் 18, புதன்

சாளைக் குழம்பு. கேரமில் ரெக்ஸை வென்றேன். அவன் தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரத்தில் ஒரு காய் தானாகவே குழிக்குள் விழுந்தது. கடல்காற்று.

ஜூன் 20, வெள்ளி

சாயங்காலம் வடக்குத் தெருவுக்குப் பிள்ளை பிடிக்கப் போனோம். தலைமையாசிரியரான பாதிரியார் பங்கிராஸ் சாமி, பிரிசி, நான். என்னை யாரும் கூப்பிடவில்லை. படை போகும்போது பீரங்கி, அழைப்புக்காகக் காத்திருப்பதில்லை.

பங்கிராஸ் சாமி கடலோரம் பிறக்காத உள்நாட்டு ஆள். நல்லவர். உண்மையைத் தவிர வேறு எதுவும் பேசத் தெரியாத ஒரு குறை மட்டும் உண்டு. ஒரு வீட்டில் “நல்ல பள்ளிக்கூடம்தான், ஆனா வடபக்கத்துக் கக்கூஸ்ல கதவு சரியில்ல” என்று ஆரம்பித்தார். அந்த வீட்டுக்காரர் சாமிக்குத் தேத்தண்ணி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார்.

தெருக்கடைசியில் மர்த்தீனாள் வீடு. மர்த்தீனாள் கரையில் மீன் ஏலம் கூறுகிறவள். அவள் ஒரு விலை சொன்னால் அது விலை. அவள் மகன் எந்தப் பள்ளிக்குப் போகிறானோ அந்தப் பள்ளிக்குத்தான் தெருப் பிள்ளைகள் போகும். எங்களுக்குக் குறைகிற ஏழு பிள்ளைகளும் அந்தத் தெருவிலேயே இருக்கின்றன.

“வேன் வாசலுக்கே வருது சாமி. உள்ள ஏசி. ஒங்க பள்ளிக்கூடத்துல என்ன இருக்கு?” என்று கேட்டாள்.

நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்றார் சாமி. மர்த்தீனாள் கொட்டாவி விட்டாள். சிலுவை என்கிற அவள் மகன் வாசலில் நண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தான், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிரிசியின் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் என் வாய் தானாகத் திறந்தது.

“குதிரை இருக்கு.”

நண்டு நின்றது. பையன் நிமிர்ந்தான்.

“சந்தியாகப்பர் என்னத்துல ஏறி வந்தாரு? குதிரையில. அவரு பேருல இருக்க பள்ளிக்கூடத்துல குதிரை இல்லாம ஆடா இருக்கும்?”

“நெசக் குதிரையா மாமா? ஏறலாமா?” என்றான் சிலுவை.

“புதுசா சேருத பிள்ளைய ஏத்தாம, சாமியவா ஏத்துவாங்க?”

பிரிசி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் ஒரு பொத்தான் போய்விட்டது. சாமி வானத்தைப் பார்த்தார். மர்த்தீனாள் என்னைப் பார்த்தாள், பெட்டிக்கு அடியில் கிடக்கிற மீனைப் பார்க்கிற மாதிரி.

ஜூன் 23, திங்கள்

வடக்குத் தெருவிலிருந்து ஏழு பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பிரிவும் நிற்கும். அலெக்ஸாண்டர்கூட ஒரே வார்த்தையில் ஒரு தெருவைப் பிடித்ததில்லை.

பிரிசி எனக்குச் சோறு போட்டாள். குழம்பு கேட்டால் சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

ஜூன் 24, செவ்வாய்

மர்த்தீனாள் குதிரை கேட்டு வந்துவிட்டாள்.

முதல் மணி அடித்ததும் ஏழு பேரும் வகுப்புக்குள் போகாமல் பள்ளியைச் சுற்றித் தேடியிருக்கிறார்கள். சத்துணவுக் கூடம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம், சாமி அறைக் கட்டிலுக்கு அடி எல்லாம் பார்த்தாயிற்று. சாணம்கூட இல்லை என்று சிலுவை வீட்டில் போய்ச் சாட்சி சொல்லியிருக்கிறான். மத்தியானம் மர்த்தீனாள் மீன் பெட்டியோடு பள்ளி வாசலில் நின்றாள். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

“அண்ணே, குதிரைய எங்கன கெட்டிப்போட்டிருக்கீரு?”

நான் கலங்கவில்லை. கிரேன் ஓட்டியவனுக்கு உயரத்தில் தொங்கிப் பழக்கம். திருநாளுக்குத்தான் குதிரை வெளியே வரும், அதற்கு முன்னால் புதுப் பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது, ஜூலை இருபத்தைந்து சந்தியாகப்பர் திருநாளில் புதுப் பிள்ளைகளை ஏற்றிப் பள்ளியைச் சுற்றி வருவது இங்கே நூறு வருஷத்து வழக்கம் என்றேன். வாய் நிறுத்தியபோது எனக்கே அந்த வழக்கம் பிடித்துப்போயிருந்தது.

“சரி. அன்னைக்குக் குதிரை நிக்கணும். நிக்கலன்னா மறுநா தெருவோட வேன்ல ஏத்திருவேன். எம் மவனுக்குச் சொன்ன சொல்லு, மறந்துராதீரும்” என்றாள்.

போகும்போது ஒரு ஊளி மீனை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள். இது அன்பா எச்சரிக்கையா என்று தெரியவில்லை. பொரித்தோம்.

ஜூன் 26, வியாழன்

தெற்கே கோயில் கடற்கரையில் சவாரிக் குதிரை வைத்திருப்பவனைப் போய்ப் பார்த்தேன். குதிரை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் தோளில் கிடந்த துண்டைத் தின்றது. பாதித் துண்டோடு வீடு திரும்பினேன். விஷயத்தைச் சொன்னதும் பங்கிராஸ் சாமி, பள்ளி வளாகத்துக்குள் உயிருள்ள குதிரை வந்தால் தாம் வெளியே போய்விடுவதாகச் சொன்னார். ஒரு பிள்ளை விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயம். இப்படி நியாயமாகப் பேசிப் பேசித்தான் ஊரில் பாதிப் பிள்ளையை வேனுக்குக் கொடுத்தோம்.

ஜூன் 30, திங்கள்

இன்றைய தேதியைக் கல்லில் வெட்ட வேண்டும்.

மாலையில் பிரிசி ஆய்வுக்கூடத்தை ஒட்டிய பழைய சாமான் அறையை ஒழுங்குபடுத்தினாள். ஏன் என்று கேட்டேன். “பெறகு பாடம் எடுக்குற டீச்சருக்கு எடம் தெரியணும்லா மாமா” என்றாள். நான் காது கேட்காதவன் போல உடைந்த பெஞ்சுகளை நகர்த்தினேன். அப்போதுதான் பெஞ்சுகளுக்கு அடியில், எலும்புக்கூட்டுப் படத்தைப் போர்த்திக்கொண்டு, அது படுத்திருந்தது.

குதிரை.

மரக் குதிரை. அந்தக் காலத்தில் சப்பரத்தில் சந்தியாகப்பர் ஏறி வந்த அதே குதிரை. கோயிலுக்குப் புதுச் சுரூபம் வந்தபோது அது புதுக் குதிரையோடு சேர்ந்தே வந்துவிட்டது. பழைய சுரூபத்தை ஒரு சிற்றூருக்குக் கொடுத்தார்கள். அந்த ஊரில் குதிரை வைக்க இடமில்லை. ஆக, சந்தியாகப்பர் இறங்கிப் போய்விட்டார். குதிரை மட்டும் பள்ளிக்கூடத்திலேயே, மேல் வகுப்புக்குத் தேறாத பையன் மாதிரி, வருஷக்கணக்காகத் தங்கிவிட்டது. ஒரு காது இல்லை. வாலை எலி தின்றிருந்தது. முகத்தில் மட்டும் ஏதோ ஒரு நக்கல் சிரிப்பு.

பிரிசி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “மாமா, இது அச்சு அசலா ஒங்கள மாதிரியே இருக்கு” என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவள், பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன்.

சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாங்க போயிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றாள்.

நிம்மதியாகத் தூங்குவேன் என்றேன். குதிரை சிரித்தது.

ஜூலை 6, ஞாயிறு

இன்று பூசை முடிந்ததும் பழைய மாணவர் சங்கக் கூட்டம். என் நூறு வருஷத்து வழக்கம் இன்றோடு செத்தது என்றுதான் போனேன். ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருக்கும் கிழங்கள் அத்தனை பேரும் அதே பள்ளியில் படித்தவர்கள். புதுப் பிள்ளையைக் குதிரையில் ஏற்றிச் சுற்றும் வழக்கம் ஒன்று இருந்ததா என்று சாமி கேட்டால் போதும், எண்பது வாய் ‘இல்லை’ என்று சொல்லும்.

சாமி கேட்டார். நேர்மையான மனுஷன், நேராகவே கேட்டார்.

சங்கத்துக்கே மூத்தவரான வலைக்கடை லாசர் கொரைரா கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

“என்ன கேள்வி சாமி இது? என்னை நாலு பேரு தூக்கினாங்க. வெயிட்டு தாங்காம ஒருத்தன் பாதியிலேயே போயிட்டான்.”

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் அடுத்து எழுந்தவர் தாம் இரண்டு தடவை ஏறியதாகச் சொன்னார். மூன்றாமவர் தாம் ஏறும்போது மேற்றிராணியாரே கடிவாளம் பிடித்தார் என்றார். வெள்ளைக்காரச் சாமியார் புகைப்படம் எடுத்தார், அது பாரீசில் இருக்கிறது என்றார் இன்னொருவர். தன்னை மட்டும் ஏற்றாமல் விட்டுவிட்டார்கள், அந்த வருத்தம் இன்றும் உண்டு என்று ஒருவர் கண்ணைத் துடைத்தார். பக்கத்திலிருந்தவர் அவருக்கு ஆறுதல் சொன்னார்.

பிறகு சண்டை. ஒரு சுற்றா மூன்று சுற்றா என்று. கிழக்கு வாசல் வழியா மேற்கு வாசல் வழியா என்று. ஒரு சுற்றுதான், மேற்கு வாசல்தான் என்று நான் சொன்னேன். வழக்கத்தைப் பெற்றவன் என்ற உரிமையில் சொன்னேன். லாசர் கொரைரா என் பக்கம் திரும்பி, “நீரு சும்ம இரும்வே நேவிஸு. ஆறாங் கிளாசுல நீரு அம்மை போட்டுக் கெடந்தீரு. ஒமக்கு என்ன தெரியும்?” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: மூன்று சுற்று, கிழக்கு வாசல், முன்னால் பேண்டு. எதிர்த்து ஒரே ஒரு ஓட்டு. என்னுடையது.

வாழ்நாள் முழுக்க இந்த ஊரில் பெரிய பொய்யன் நான்தான் என்று நினைத்து அகங்காரத்தோடு இருந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

ரெக்ஸ் மலையடிவாரத்துக்குப் போய்விட்டு வந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வீடு பார்த்துவைத்தானாம். நல்ல தண்ணீர், நல்ல காற்று, பள்ளிக்குப் பக்கம். எனக்கு அந்த ஊர்க் கதையில் ஆர்வம் இல்லை. எத்தனை அறை என்று மட்டும் கேட்டேன்.

ஒரே அறையும் சமையலறையும் என்றான். அந்தப் பக்கம் வாடகை அதிகம் மாமா என்றான்.

அங்கே மீன் கிடைக்காது. பெட்டியில் வரும், இரண்டு நாள் பழசு. அவர்களுக்காகத்தான் வருத்தமாக இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

கேரமில் தோற்றேன். ரெக்ஸ் தண்ணீர் குடிக்கவும் போனான், நான் காயைத் தொடவில்லை. “ஒடம்பு சரியில்லையா மாமா?” என்று கேட்டான்.

ஜூலை 16, புதன்

திருநாள் கொடியேற்றம். மழை தூறிக்கொண்டே கொடி ஏறியது.

குதிரை வைத்தியம் ஆரம்பம். படகுக்கு அடிக்கிற பெயிண்டு மிச்சம் இருந்ததை ஆளாளுக்குக் கொண்டுவந்தார்கள். அதனால் குதிரை கழுத்துவரை வெள்ளை, கழுத்துக்கு மேல் வானநீலம். குளம்பு மட்டும் சிவப்பு. பழைய நைலான் கயிற்றைப் பிரித்து வால் செய்தோம். காணாமற்போன காதுக்குத் தேங்காய்ச் சிரட்டையைச் செதுக்கி வைத்தேன். இப்போது ஒரு காது நேராகக் கேட்கிறது, மற்றொன்று பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்கிறது. உலகக் குதிரைகளில் இதற்கு நிகரில்லை. மூங்கில் கட்டித் தூக்கிப் பார்த்தோம். பத்தாம் வகுப்புப் பையன்கள் எட்டுப் பேர் தாராளமாகத் தூக்குகிறார்கள்.

லாசர் கொரைரா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் காலத்தில் கண் இன்னும் கொஞ்சம் பெரியதாக இருந்தது என்று திருத்தம் சொல்லிக்கொண்டே இருந்தார். பெரிதாக்கினேன்.

ஜூலை 19, சனி

நான் பயந்தது இன்று நடந்தது. மர்த்தீனாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சாமான் அறைக் கதவைத் திறந்துவிட்டாள். பிரிசியும் நானும் பெயிண்டுக் கையோடு நின்றோம்.

குதிரையைச் சுற்றி வந்தாள். விரலை மடக்கி அதன் வயிற்றில் தட்டினாள். டொக் டொக் என்றது.

“இது மரம்லா.”

மரம்தான் என்றேன். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. என் வாயில் அப்படி ஒரு வறட்சி முதல் தடவை. கிரேன் பாதியில் நின்றால் சரக்கு எப்படித் தொங்கும், அப்படித் தொங்கினேன்.

பிரிசிதான் பேசினாள். “அக்கா, சந்தியாகப்பர் சப்பரத்துல ஏறி வந்த குதிரை இது. நெசக் குதிரை எங்க வேணும்னாலும் வாடகைக்குக் கிடைக்கும். இது கிடைக்காது. ஆனா ஒங்க பையன்கிட்ட மாமா சொன்னது வேற. அது தப்பு. வேன்ல அனுப்புறதா இருந்தா அனுப்புங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

பங்கிராஸ் சாமியோடு சேர்ந்து சேர்ந்து இவளுக்கும் அந்த நோய் தொற்றிவிட்டது.

மர்த்தீனாள் பிரிசி பக்கத்தில் வந்தாள். நீதானே போன வாரம் என் மகன் காலில் முள் குத்தியதற்கு மருந்து போட்டுவிட்டது என்று கேட்டாள். ஆமாம் என்றாள் பிரிசி. மர்த்தீனாள் திரும்பி, குதிரையின் சிரட்டைக் காதைத் தொட்டு விரலை உதட்டில் வைத்து முத்தி செய்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

“எங்கப்பா இதத் தூக்கியிருக்காரு. தோள்ல தழும்பு இருக்கும். சாகுத வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு” என்றாள்.

அவள் அப்பாவை எனக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர், சப்பரத்துக்கும் தோள் கொடுக்காதவர். அவள் முகத்தைப் பார்த்தேன். மீன் ஏலத்தில் விலையை ஏற்றிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நிற்பாளே, அந்த முகம்.

ஜூலை 25, வெள்ளி

சந்தியாகப்பர் திருநாள்.

மழை இல்லை. வந்த கூட்டத்தைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், அதனால் குறைத்துச் சொல்கிறேன்: ஒரு லட்சம். பேண்டு வாத்தியம், பழைய மாணவர்கள் வேட்டி சட்டையில், டீச்சர்கள் எல்லாம் ஒரே நிறப் புடவையில். கிழக்கு வாசல் வழியாகக் குதிரை உள்ளே வந்தது. நீல முகமும் சிவப்புக் குளம்பும் வெயிலில் பளபளத்தபோது ஒரு நிமிஷம் எனக்கே அது நூறு வருஷமாக வந்துகொண்டிருப்பதாகப் பட்டது.

முதலில் சிலுவையை ஏற்றினோம். மரக்குதிரை என்று அழுவானோ என்று என் நெஞ்சு பேண்டைவிடச் சத்தமாக அடித்தது. எட்டுப் பேர் தோளில் ஏறியதும் பையன் தரையைப் பார்த்தான், கீழே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஊரைப் பார்த்தான். அவன் அம்மா, தெரு, டீச்சர்கள், எல்லோரும் கீழே. முதுகை நிமிர்த்தினான். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டான். அந்தக் கை மூன்று சுற்று முடியும்வரை இறங்கவில்லை.

பங்கிராஸ் சாமி மைக்கில் பேசினார். பள்ளியின் நூறாண்டு மரபு என்று சொல்ல வாய் எடுத்தவர் என்னைப் பார்த்துத் தயங்கினார். பிறகு “ஊர்ப் பெரியவர்கள் நூறாண்டு மரபு என்று சொல்கிறார்கள்” என்றார். பொய்யே சொல்லாமல் தப்பித்த மனுஷன்.

மூன்றாவது சுற்றில் மஞ்சள் வேன் ரோட்டில் போனது. மெதுவாகப் போனது. அத்தனை சன்னலிலும் ஒரு தலை.

ஜூலை 28, திங்கள்

வேனிலிருந்து ஒரு பெண் பிள்ளை நம் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வருஷம் தானும் குதிரை ஏற முடியுமா என்று முதல் கேள்வி. சேருகிற வருஷம் மட்டும்தான் என்று லாசர் கொரைரா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். நான் பரிந்து பேசினேன். மரபில் கைவைக்க எனக்கு உரிமை இல்லையாம்.

ஜூலை 31, வியாழன்

கரையில் ஒரே பேச்சு: சாளை கூட்டமாக இறங்கியிருக்கிறது. நாளை விடியும் முன்பே கரைவலை விரிப்பார்கள். பெரிய பாடு வருமாம், வலை கொள்ளாத மீன்.

மற்றவர்களுக்கு நல்ல செய்தி. கரைவலை நாளில் வடக்குத் தெருவில் பிள்ளைகள் பள்ளிக்கு வந்ததாகச் சரித்திரத்தில் இல்லை. வலை இழுக்க, சிதறின மீன் பொறுக்க, பெட்டி சுமக்க எல்லாக் கையும் வேண்டும். எங்கள் காலத்தில் நாங்களும் அப்படித்தான். அப்போது வாத்தியாரும் கூட வந்து இழுப்பார்.

ஆனால் நாளைக்கு ஆகஸ்ட் ஒன்று. அதிகாரி பத்து மணிக்கு வருகிறார். வகுப்பில் இருக்கிற தலையைத்தான் எண்ணுவாராம்.

மர்த்தீனாள் வீட்டுக்குப் போனேன். ஆள் இல்லை. கரையில் நின்று வலைக்காரர்களிடம் கத்திக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டு பாடுகிறவளைப் போல மகிழ்ச்சியாக இருந்தாள். வருஷத்தில் ஒரு நாள் வருகிற பாடு. இதைவிட ஒரு தலையை எண்ணுவது பெரிது என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? திரும்பி வந்துவிட்டேன்.

ரெக்ஸ் கேரம் போர்டைத் துடைத்து அட்டைப்பெட்டிக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்த்ததும் பலகையைச் சுவரில் சாய்த்துவைத்தான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையில் நான் போனபோது வடக்குத் தெரு பெஞ்சுகள் காலி. கடற்கரைப் பக்கமிருந்து வலை இழுக்கிற ஓசை பள்ளிக்கூடம்வரை கேட்டது. பிரிசி கரும்பலகையில் இதயத்தின் படம் வரைந்துகொண்டிருந்தாள், சன்னல் பக்கம் திரும்பாமல்.

அதிகாரி பத்து மணிக்குச் சரியாக வந்துவிட்டார். மெலிந்த மனுஷர், அவசரக்காரர். சாமி அறையில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள். நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். யார் என்று கேட்டார். பள்ளியின் வரலாற்று ஆசிரியர் என்றேன். எந்த வகுப்புக்கு என்று கேட்டார். எல்லாருக்கும் என்றேன்.

பிறகு ஆரம்பித்தேன். கிளெமான் சாமியார், நாலு துடுப்பு, கிழிந்த பாய். காற்றில் பள்ளிக்கூடம் தெற்கே நகர்ந்ததைச் சொன்னேன். ஒரு வாடைக் காலத்தில் அது பாதிப் பரீட்சையில் கடலுக்குள்ளேயே போய்விட்டதையும், பையன்கள் நீந்திக்கொண்டே கணக்குப் போட்டதையும் சொன்னேன். அதிகாரி தேத்தண்ணியைக் கீழே வைத்தார். “கணக்கு நனையலையா?” என்று கேட்டார். ஓலையில் எழுதினார்கள் சார் என்றேன். கொஞ்சம் சிரித்தார். கள்ளனுக்கு வந்தபோது நன்றாகவே சிரித்தார். ஆனால் கையில் கடிகாரம் இருந்தது. எழுந்துவிட்டார்.

ஆறாம் வகுப்பு வராந்தாவில் நடந்தோம். அப்போது கேட்டது வாசலில் ஓட்டச் சத்தம்.

ஏழு பேர். தலையெல்லாம் மணல். கை காலெல்லாம் செதில், வெயிலில் மின்னியது. சிலுவையின் கால்சட்டைப் பையில் இரண்டு சாளை வாலை நீட்டிக்கொண்டிருந்தன. தடதடவென்று உள்ளே ஓடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிரிசி கையிலிருந்த சாக்பீஸ் உடைந்தது. அதிகாரி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். கையெழுத்துப் போட்டார்.

வாசலில் மர்த்தீனாள் நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, கையில் ஒரு கயிற்றுத் துண்டு. அதைக் காட்டித்தான் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பின்னால் கடற்கரையில் வலை இன்னும் வெளியே வரவில்லை. அவள் பாடு அங்கே கிடக்கிறது.

எப்படி அனுப்பினாய் என்று கேட்டேன்.

“அனுப்பாம? குதிரை ஏறின பிள்ளைக அந்த வருசம் ஒருநாளும் பள்ளிக்கூடம் தப்பக்கூடாதுல்லா. தப்பினா சந்தியாகப்பரு மீன மறிச்சிருவாரு. வலைக்காரனுவ எல்லாவனும் பயந்து, போங்கலே போங்கலேன்னு வெரட்டிட்டானுவ.” கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். “நூறு வருசத்து வழக்கம் அண்ணே. ஒமக்குத் தெரியாதா?”

“தெரியாம?” என்றேன். “நானே கண்ணால பாத்திருக்கேன்.”

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. தொழில் தெரிந்த இருவர் நடுவில் அது மரியாதை இல்லை. கரையை நோக்கி ஓடிவிட்டாள்.

மாலையில் பெரிய பெட்டி நிறையச் சாளை வீட்டு வாசலில் இருந்தது. மேலே ஒரு முரல் மீனும். யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

ரெக்ஸ் அட்டைப்பெட்டியை மடித்து அடுப்படிக்குக் கொடுத்துவிட்டான். கேரமில் மூன்று ஆட்டமும் நானே வென்றேன். காற்று பலமாக இருந்தது. முரல் மீன் தலையை மூன்று பங்கு வைத்தாள் பிரிசி. எனக்கு ஒரு கண்ணும் கொஞ்சம் எலும்பும் கிடைத்தன. பெரியவர்களுக்கு மரியாதை இல்லாத வீடு. குளிக்கப் போனால் உள்ளே ரெக்ஸ், பாட்டுப் பாடிக்கொண்டு. கதவைத் தட்டத் தட்ட இன்னும் சத்தமாகப் பாடுகிறான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்று இதை எழுதுகிறேன்.

சேசுவுக்குத் தோத்திரம்.